அதிகம் உதைக்கும் ரைஃபிளுக்கு எந்த ஸ்கோப் வாங்கலாம்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் ஊர் பெருந்துறை. என் தங்கையின் கணவர் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் சான் ஆண்டோனியோ நகரில் பணிபுரிகிறார். அங்கே சட்டப்படி .300 வின்செஸ்டர் மேக்னம் ரைஃபிள் ஒன்றை வைத்திருக்கிறார். அதற்கு 60 டாலர் விலையில், 6 முதல் 24 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) ஒன்றை வாங்கிப் பொருத்தினார். நாற்பது தோட்டா சுடுவதற்குள் குறி ஒரு கை அகலம் தள்ளிப்போய்விட்டது. திருத்தி வைத்தாலும் நிற்பதில்லை. 300 டாலருக்குள் உழைக்கக்கூடிய ஸ்கோப் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஆனால் புது ஸ்கோப்புக்குப் பணம் எடுப்பதற்கு முன்பு, பழைய ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் ரிங்குகளையும் அவற்றின் கீழே இருக்கும் பேஸையும் உங்கள் மாப்பிள்ளை ஒருமுறை சோதித்துவிடட்டும். பேஸின் திருகு தளர்ந்திருந்தால் எந்த ஸ்கோப்பை மாட்டினாலும் அதே கை அகலம் தள்ளித்தான் விழும். ஸ்கோப் கெட்டுவிட்டது என்று என்னிடம் வந்த புகார்களில் பல, திருகை இறுக்கும் ஒரு ஆலன் கீயோடு முடிந்துபோயிருக்கின்றன.

திருகுகள் இறுக்கமாக இருந்தும் குறி நிற்கவில்லை என்றால் குற்றம் ஸ்கோப்பினுடையதுதான். அது ஏன் கெடுகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள .300 மேக்னம் ரைஃபிள், சுட்டவுடன் நொடிக்கு ஏறத்தாழ 4.5 மீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறது. அந்த வேகத்தை அது நொடியின் ஆயிரத்தில் இரண்டு பங்கு நேரத்தில் எட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், 350 கிராம் எடையுள்ள ஸ்கோப்பைத் தன்னோடு இழுத்துவர ரிங்குகள் அந்தக் கணத்தில் 75 முதல் 80 கிலோ வரையிலான விசையைத் தாங்க வேண்டியிருக்கும். ஒரு நெல் மூட்டையை ஸ்கோப்பில் கட்டித் தொங்கவிட்டது போன்ற சுமை அது. ஸ்கோப்பின் எடை 700 கிராம் என்றால் இரண்டு மூட்டை. ரிங்குகள் தாங்கும் இந்தச் சுமையை, ஸ்கோப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு கண்ணாடியும் ஒவ்வொரு திருகும் தன் எடைக்கேற்பத் தாங்கியாக வேண்டும். மானுக்குப் பலரும் பயன்படுத்தும் .243 ரைஃபிளோடு ஒப்பிட்டால், .300 மேக்னத்தின் உதையாற்றல் ஏறத்தாழ மூன்று மடங்கு. .243-இல் பத்து வருடம் உழைத்த ஸ்கோப் இதில் ஒரு பருவம்கூடத் தாங்காமல் போவது இதனால்தான்.

நான் ஹூஸ்டனில் வேலை பார்த்த காலத்தில், உங்கள் மாப்பிள்ளை செய்த அதே தவற்றை நானும் செய்தேன். என்னிடம் இருந்தது .30-06; .300 மேக்னத்தைவிட ஒரு படி மென்மையானது. அதன் மேல் மலிவான 24 மடங்கு ஸ்கோப் ஒன்றை மாட்டினேன். முப்பதாவது தோட்டாவுக்குப் பிறகு உள்ளே இருந்த குறுக்குக் கோடு சாய்ந்துபோய், கூட்டல் குறி பெருக்கல் குறியாகத் தெரிந்தது. ஊருக்குத் திரும்பிய பின் கோவை கணபதியில் பட்டறை வைத்திருக்கும் நண்பரின் மேசையில் அதைப் பிரித்துப் பார்த்தோம். குறியை மேலும் கீழும் நகர்த்தும் உட்குழலை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்திருக்க வேண்டிய தகட்டு வில், விரல் நகத்தால் தள்ளினாலே வளைந்துகொடுத்தது. கண்ணாடியைப் பிடித்திருந்த மரை வளையத்தில் பசையே இல்லாததால், அது பாதிச் சுற்று தானாகக் கழன்றிருந்தது. குழலுக்குள் அலுமினியத் தூள் மினுமினுத்தது. நண்பர் அந்த வில்லை எடுத்துப் பார்த்து, "இந்த வில்லை நம்ம பம்ப்புல கூடப் போட மாட்டோமுங்க" என்றார்.

ஒரு ஸ்கோப்பில் நாம் காசு கொடுக்க வேண்டியது, வெளியே தெரியாத அந்த வில்லுக்கும் வளையத்துக்கும்தான். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிடப்படும் உருப்பெருக்கமோ, சிவப்பு பச்சையாக ஒளிரும் கோடோ குறியைக் காப்பதில்லை. அதே 60 டாலருக்குள் 24 மடங்கும் விளக்கும் தர வேண்டிய உற்பத்தியாளர், எங்கோ ஓரிடத்தில் கைவைத்தே ஆக வேண்டும். வாங்குபவர் கண்ணுக்குப் படாத இடத்தில் அவர் கைவைக்கிறார்.

ஆகவே 300 டாலருக்குள் வாங்குபவர் எளிமையான ஸ்கோப்பையே தேட வேண்டும். ஓர் அங்குலக் குழலும், 3-9 மடங்கும், 40 மில்லிமீட்டர் முன்கண்ணாடியும், 400 கிராமுக்குள் எடையும் போதுமானவை. தெற்கு டெக்சாஸில் மாப்பிள்ளை தேடிப் போவது பெரும்பாலும் காட்டுப்பன்றியாகவோ நீல்காயாகவோ இருக்கும். 1920-களிலும் 1930-களிலும் இந்திய வம்சாவளி நீல்காய் மான்களை அங்கே கிங் ராஞ்ச் என்னும் பெரும் பண்ணையில் கொண்டுபோய் விட்டார்கள். இன்று அவை அந்தக் கடலோரப் புதர்க்காடுகளில் பெருகிக் கிடக்கின்றன. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அதே விலங்கை அங்கே முறைப்படி வேட்டையாடுகிறார்கள். முள்ளும் புதருமான அந்த நிலத்தில் 24 மடங்கு உருப்பெருக்கத்தால் பயனில்லை. விலங்கு கண்ணாடிக்குள் அகப்படுவதற்கே மூன்று மடங்கின் அகலமான பார்வை வேண்டும்.

அடுத்ததாக, எடையைப் போலவே முக்கியமானது, கண்ணுக்கும் ஸ்கோப்பின் பின்விளிம்புக்கும் இடையில் கிடைக்கும் தூரம். பெட்டியில் இதை அங்குலத்தில் குறித்திருப்பார்கள். மூன்றரை அங்குலத்துக்குக் குறைவானதை .300 மேக்னத்தின் மேல் மாட்டவே கூடாது. மேட்டை நோக்கிச் சுடும்போதோ படுத்துச் சுடும்போதோ தலை தானாக முன்னால் நகர்ந்துவிடும். அந்த நேரத்தில் விளிம்பு புருவத்தில் பிறை வடிவில் வெட்டிவிடும். அப்படி நான்கு தையல் போட்டுக்கொண்டவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். உருப்பெருக்கத்தைக் கூட்டினால் சில ஸ்கோப்புகளில் இந்தத் தூரம் குறையும் என்பதால், 9 மடங்கில் எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பெயர் சொல்லிக் கேட்டால், என் முதல் தேர்வு லூப்போல்ட் நிறுவனத்தின் வி.எக்ஸ். ஃப்ரீடம் 3-9×40. அதன் எடை ஏறத்தாழ 346 கிராம். கண் தூரம் 3 மடங்கில் 4.2 அங்குலம், 9 மடங்கில் 3.7 அங்குலம். விலையும் மாப்பிள்ளையின் வரம்புக்குள் வரும். எடை குறைவாகவும் கண் தூரம் அதிகமாகவும் ஒரே ஸ்கோப்பில் அமைவது இந்த விலையில் அரிது. என் முடிவுக்கு அதுவே காரணம். பர்ரிஸ் நிறுவனத்தின் ஃபுல்ஃபீல்ட் வரிசை இரண்டாவது. வோர்டெக்ஸ் நிறுவனத்தின் வாழ்நாள் உத்தரவாதம் தாராளமானது. ஆனால் அதன் மலிவு வரிசைகளில் கண் தூரம் மாடலுக்கு மாடல் மாறுகிறது, ஆகவே அளவைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். உருப்பெருக்கம் மாறாத ஸ்கோப் போதும் என்பவருக்கு எஸ்.டபிள்யூ.எஃப்.ஏ. நிறுவனத்தின் 6×42 உண்டு. அசையும் பாகங்கள் குறைவு என்பதால் குறி நிற்பதில் அதற்கு நல்ல பெயர். எடை மட்டும் அரைக் கிலோவைத் தாண்டும்.

இணையத்தில் பாதி விலைக்கு லூப்போல்ட் என்று கண்டால் நின்று யோசிக்க வேண்டும். அந்தப் பெயரில் போலிகள் உலவுவதை நிறுவனமே எச்சரித்திருக்கிறது. வரிசை எண்ணைக் கேட்டு வாங்கி, நிறுவனத்திடம் சரிபார்த்த பிறகே பணம் அனுப்பச் சொல்லுங்கள்.

விலையை ஒப்பிடும்போது தோட்டாச் செலவையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்லுங்கள். .300 மேக்னம் தோட்டா ஒன்று இரண்டு டாலருக்குக் கீழே கிடைப்பது கடினம். ஓடிப்போன குறியைத் துரத்தி நாற்பது தோட்டா சுட்டால், மலிவு ஸ்கோப்பின் விலையைத் தாண்டிய பணம் மண்மேட்டில் புதைந்துவிடும்.

கேள்வி: கோவை கணபதியில் லேத் பட்டறை நடத்துகிறேன். என் மகன் மெல்போர்னில் இருக்கிறான். அங்கே சட்டப்படி கடமான் வேட்டைக்குப் போகிறவன்; .338 வின்செஸ்டர் மேக்னம் வைத்திருக்கிறான். நல்ல ஸ்கோப் வாங்கிவிட்டான். அதைப் பொருத்தும் முறையை ஒரு பட்டறைக்காரனுக்குச் சொல்வதுபோலச் சொல்லுங்கள்.

பதில்: உங்களைப் போன்றவர் கேட்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. நம் ஆனைமலையில் காணும் அதே கடமான் இனம் 1860-களில் விக்டோரியாவுக்குப் போய், இன்று அந்த மாநிலத்தின் ஈரமான மலைக்காடுகளில் பரவியிருக்கிறது. குறைந்தது .270 ரைஃபிள் வேண்டும் என்பது அங்கே சட்டம்; .338 மேக்னம் அதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு உதைக்கும்.

ரைஃபிளின் உடலில் பேஸைப் பிடிக்கும் திருகுகள் பெரும்பாலும் 6-48 என்னும் மெல்லிய மரை உடையவை. உங்கள் கைக்கு அவை கடிகாரத் திருகு போலத் தோன்றும். .338 மேக்னத்தின் உதையில் இவை நான்கும் குறுக்கே வெட்டுப்பட்டு முறிந்த நிகழ்வுகள் உண்டு. எனவே அதைவிடத் தடித்த 8-40 திருகு ஏற்கும் ரைஃபிளாகவோ, உதையைத் தானே வாங்கிக்கொள்ளும் மேடு அடியில் கடைந்த எஃகு பேஸாகவோ இருப்பது நல்லது. திருகுத் துளையிலும் திருகிலும் ஒட்டியிருக்கும் எண்ணெயைத் தின்னரால் துடைத்துவிட்டு, பேஸ் திருகுகளுக்கு மட்டும் நீல நிற லாக்டைட் பசை ஒரு சொட்டு இடச் சொல்லுங்கள். 6-48 திருகுக்கு ஏறத்தாழ 2.5 நியூட்டன் மீட்டர் போதும். ரிங்கின் மேல்மூடித் திருகுகளுக்குப் பசை வேண்டாம். பசை மசகு போல வழுக்குவதால், டார்க் ரெஞ்ச் காட்டும் அதே அளவில் திருகு கூடுதலாக இறுகிக் குழலை நசுக்கிவிடும். அங்கே 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் வரை போதும். இருபக்க இடைவெளியும் சமமாக இருக்கும்படி மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ரிங் தயாரிப்பாளர் வேறு அளவு கொடுத்திருந்தால் அவருடைய அளவே சரி.

ரிங்கின் குறுக்குத் திருகை பேஸின் பள்ளத்துக்குள் வைத்ததும், ரிங்கை ரைஃபிளின் வாய்ப்பக்கமாக முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் இறுக்க வேண்டும். ரைஃபிள் பின்னால் பாயும்போது ஸ்கோப் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. அதாவது ரைஃபிளைப் பொறுத்தவரை முன்னால் போகப் பார்க்கிறது. பள்ளத்தின் முன்சுவரில் திருகு ஏற்கெனவே ஒட்டியிருந்தால் அதற்கு நகர இடமில்லை. இடைவெளி விட்டால் ஒவ்வொரு தோட்டாவும் ஒரு சம்மட்டி அடியாகும்.

இரண்டு ரிங்குகளும் ஒரே அச்சில் இருக்கின்றனவா என்பதை நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. மகன் உங்களிடம் பார்த்து வளர்ந்திருப்பான். 25.4 மில்லிமீட்டருக்கு கிரைண்டிங் செய்த தண்டு ஒன்றில் நீல மை பூசி, கீழ் ரிங்குகளில் வைத்து முன்னும் பின்னும் அசைத்தால், எங்கே ஒட்டுகிறது, எங்கே ஒட்டவில்லை என்பது தெரிந்துவிடும். பாதிக்குக் குறைவாக மை பிடித்தால், மெல்லிய கிரைண்டிங் பேஸ்ட் தடவி அதே தண்டால் தேய்த்துச் சரிசெய்யலாம். 30 மில்லிமீட்டர் குழல் என்றால் தண்டும் அந்த அளவில் இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும், பின் ரிங்கின் முன்விளிம்பை ஒட்டி ஸ்கோப் குழலின் மேல் பென்சிலால் ஒரு மெல்லிய கோடு போடச் சொல்லுங்கள். இருபது தோட்டாவுக்குப் பிறகு கோட்டுக்கும் ரிங்குக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் குழல் வழுக்குகிறது. இல்லையென்றால் பொருத்தம் சரி. குறியைச் சோதிக்கத் தோட்டா செலவழிக்கவும் தேவையில்லை. ரைஃபிளை அசையாமல் மணல் மூட்டையில் பதித்து, 100 கெஜத்தில் கட்டம் போட்ட தாளை வைத்து, மேலே 20, வலப்பக்கம் 20, கீழே 20, இடப்பக்கம் 20 கிளிக் எனக் குறி திருத்தும் குமிழ்களைத் திருப்பினால், குறுக்குக் கோடு புறப்பட்ட கட்டத்துக்கே திரும்பி வர வேண்டும். வராத ஸ்கோப்பை, கடை திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடுவுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கேள்வி: துபாயில் இருக்கும் நண்பர், தன் பழைய நிக்கான் 3-9×40 ஸ்கோப்பை அமெரிக்காவில் உள்ள என் தம்பிக்குப் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: கண்ணாடி நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ரைஃபிள் ஸ்கோப் தொழிலிலிருந்து நிக்கான் 2019 இறுதியில் விலகிவிட்டது. பழுதானால் அதே மாடல் மாற்றாகக் கிடைக்கும் என்று எண்ண முடியாது. லூப்போல்ட், வோர்டெக்ஸ், பர்ரிஸ் ஆகியவற்றில் உத்தரவாதம் இரண்டாவது உரிமையாளருக்கும் செல்லும். பழையது வாங்குவதானால், அதிகம் உதைக்கும் ரைஃபிளுக்கு அவற்றில் ஒன்றையே தேடச் சொல்லுங்கள். .22 ரைஃபிளுக்கு என்றால் நிக்கானைத் தயங்காமல் வாங்கலாம்.

கேள்வி: பொள்ளாச்சி அருகே தோப்பில் இலக்குப் பலகை வைத்துச் சுட ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் வைத்திருக்கிறேன். இதில் உதையே இல்லை. ஆனாலும் இரண்டு ஸ்கோப் உடைந்துவிட்டன. மேக்னம் ரைஃபிளின் ஸ்கோப்பை இதற்கு வாங்கினால் உழைக்குமா?

பதில்: உழைக்கும் என்று நம்பி வாங்க வேண்டாம். உங்கள் தோளுக்குத்தான் உதை தெரியவில்லை. ஸ்கோப்புக்கு அது இரண்டு முறை விழுகிறது. உள்ளே கனமான பிஸ்டன் முன்னால் பாயும்போது ரைஃபிள் பின்னால் வருகிறது. பிஸ்டன் குழாயின் முனையில் மோதி நின்றதும் ரைஃபிள் முன்னால் குதிக்கிறது. தோட்டா ரைஃபிளுக்கான ஸ்கோப்பில் கண்ணாடிகளை முக்கியமாக ஒரு திசை உதைக்கு ஏற்பவே பிடித்திருப்பார்கள். எதிர்த்திசை அடியில் அவை கழன்றுவிடும். ஏர் ரைஃபிளுக்கு உகந்தது என்று தயாரிப்பாளர் எழுத்தில் உறுதி தரும் 4×32 ஸ்கோப் ஒன்றை வாங்குங்கள். பத்து மீட்டரிலேயே தெளிவாகத் தெரியும்படி தூரத்தைத் திருத்தும் வளையம் இருந்தால் இன்னும் நல்லது. பெரிய ரைஃபிள் ஸ்கோப்புகளைப் பெரும்பாலும் 100 கெஜமோ அதற்கு மேலோ வைத்தே அமைத்திருப்பதால் தோப்புக்குள் மங்கலாகத் தெரியும். ஏர் ரைஃபிளின் மேல் உள்ள 11 மில்லிமீட்டர் பள்ளத்தில் ரிங்குகள் மெல்ல மெல்லப் பின்னால் நகரும். பின் ரிங்கின் அடியில் நிறுத்தும் ஊசி உள்ள மவுண்டையே கேட்டு வாங்குங்கள். தோப்பில் மயில் தொல்லை பெரிதாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதன் பக்கம் குழலைத் திருப்பினாலே வன உயிரினச் சட்டத்தில் வழக்கு வரும், அதனால் பலகையை மண்சுவருக்கு முன்னால் மட்டும் வையுங்கள்.