14,500 ரூபாய் பஃபர் மீன் செட்: இ.எம்.ஐ.யில் வாங்கலாமா, ஆர்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: நான் சென்னை பெரம்பூரில் வாடகை வீட்டில் வசிக்கிறேன். வயது 34. பிடித்தம் போக மாதம் 42,000 ரூபாய் கைக்கு வருகிறது. என் 7 வயது மகளுக்கு பஃபர் மீன் என்றால் உயிர். கொளத்தூரில் ஒரு கடையில் பீ பஃபர் என்கிற குட்டி வகை 6 மீன்களோடு 2 அடி தொட்டி செட்டுக்கு 14,500 ரூபாய் சொல்கிறார்கள். தொட்டி, ஸ்டாண்டு 5,500, ஃபில்டர், லைட் 2,400, ஹீட்டர் 900, மணல், பிளாஸ்டிக் செடி 1,600, தீவனம், மருந்து 800, பஃபர் 900, துணைக்கு கப்பி மீன்கள் 600, வீட்டில் வந்து பொருத்த 1,800. அன்றைக்கே மீனோடு செட் செய்து தருவார்களாம். கார்டில் 6 மாத நோ காஸ்ட் இ.எம்.ஐ. உண்டு. அந்தக் கார்டில் ஏற்கெனவே 31,000 ரூபாய் பாக்கி. மாதாமாதம் மினிமம் மட்டும் கட்டுகிறேன். 2,000 ரூபாய் ஆர்.டி. 14 மாதம் ஓடியிருக்கிறது. சேமிப்புக் கணக்கில் அவசரத்துக்கு 40,000 இருக்கிறது. இ.எம்.ஐ. போடலாமா, ஆர்.டி.யை உடைக்கலாமா? மாதச் செலவு எவ்வளவு ஆகும்? பிற்பாடு குஞ்சு பொரிக்கவைத்து விற்று வருமானம் பார்க்க முடியுமா?

பதில்: ஆர்.டி.யை உடையுங்கள். ஆனால் அந்தப் பணம் முழுவதும் கார்டுக்குப் போகட்டும், மீனுக்கு வேண்டாம். மீனும் வாங்கலாம், நான்கைந்து மாதம் கழித்து. மகளிடம் இப்போதே அப்படிச் சொல்லிவைக்கலாம்.

முதலில் கார்டு. மாதம் 3.5 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொண்டால் (உங்கள் ஸ்டேட்மென்ட்டிலேயே போட்டிருக்கும், பாருங்கள்) 31,000 ரூபாய்க்கு 1,085 ரூபாய் வட்டி. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் ஏறக்குறைய 1,280 ரூபாய். மினிமம் என்று 5 சதவீதம், அதாவது 1,550 ரூபாய் கட்டுகிறீர்கள் என்றால் அசலில் குறைவது 270 ரூபாய்தான். இன்னொரு பக்கம், ஆர்.டி.யில் சேர்ந்திருக்கும் 28,000 ரூபாய் மாதம் 160 ரூபாய் அளவுக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறது. ஒரு கையில் 160 வாங்கி, இன்னொரு கையில் 1,280 கொடுக்கிறீர்கள். முன்கூட்டியே முடித்தால் வங்கி வட்டியில் அரை முதல் 1 சதவீதம் வரை குறைப்பது வழக்கம். இந்தக் கணக்கில் அது ஒரு நஷ்டமே இல்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. கார்டில் பாக்கியைத் தள்ளிக்கொண்டே போகிறவர்களுக்கு வட்டியில்லா நாட்கள் என்ற சலுகை கிடையாது. இன்று அந்தக் கார்டில் மளிகை வாங்கினாலும் இன்றிலிருந்தே வட்டி ஓடும். நோ காஸ்ட் இ.எம்.ஐ. என்பதிலும் வட்டி இல்லாமல் இல்லை. வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுவார்கள். அந்த வட்டி மீதான ஜி.எஸ்.டி.யும் பிராசஸிங் கட்டணமும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். பூஜ்ய வட்டி என்ற பேச்சையே ரிசர்வ் வங்கி 2013-ல் கண்டித்து சுற்றறிக்கை அனுப்பியது. தவிர, மாதத் தவணை முழுவதும் மினிமம் தொகையோடு சேர்ந்துவிடும். இப்போது 1,550 கட்டும் நீங்கள், 6 மாதத்துக்கு ஏறக்குறைய 4,000 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். 31,000 அப்படியே நிற்கும்.

அவசரப் பணம் 40,000-ஐத் தொடாதீர்கள். ஒரு மாதச் சம்பளம்கூட இல்லாத தொகை அது. ஆர்.டி. போக கார்டில் மீதம் நிற்கும் இரண்டாயிரத்துச் சொச்சத்தை இந்த மாதச் சம்பளத்திலிருந்து கட்டுங்கள். அடுத்த ஸ்டேட்மென்ட்டில் இடைப்பட்ட நாட்களின் வட்டி என்று ஒரு சிறு தொகை வரும். அதையும் மறக்காமல் முடித்துவிட்டால் கார்டு சுத்தம். அதன்பின் மாதம் 3,500 ரூபாய் (ஆர்.டி. 2,000, மினிமம் 1,550) உங்கள் கையில் நிற்கும். அதுதான் மீன் பட்ஜெட்.

இப்போது மீன். "அன்றைக்கே மீனோடு செட்" என்று கடையில் சொன்னார்கள் பாருங்கள், எனக்கு இ.எம்.ஐ.யை விட அதில்தான் பயம். புதுத் தொட்டியில் மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா இருக்காது. ஒரு வகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இவை ஃபில்டர் ஸ்பான்ஜில் வேர்பிடிக்க 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாகத் தெரியும், ஆனால் விஷமாக இருக்கும். பஃபருக்கு உடலில் செதில் கிடையாது. இந்த விஷத்தை அது கொஞ்சமும் தாங்காது. முதல் இரண்டு வாரத்தில் மீன் செத்து, மறுபடி வாங்கி, அதுவும் செத்து, தொட்டி மொட்டை மாடிக்குப் போன வீடுகள் ஏராளம். மீன் இல்லாத தொட்டிக்கு இ.எம்.ஐ. மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். குழந்தைக்கும் அது நல்ல அனுபவமாக இருக்காது.

ஆகவே தண்ணீர் பக்குவமாக எடுக்கும் காலத்தையே உங்கள் தவணைக்காலமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் கார்டு. இரண்டாவது மாதம் தொட்டி. மூன்றாவது மாதம் ஃபில்டர், லைட், மணல், செடி. நான்காவது மாதம் தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் வாங்கி, ஃபில்டரை ஓடவிட்டு, தினம் துளி தீவனம் போட்டு (அது அழுகினால்தான் அமோனியா வரும்) அமோனியா, நைட்ரைட் இரண்டும் ஏறி இறங்குவதைப் பாருங்கள். மகளையே சோதனைக் குழாயில் நிறம் பார்க்கச் சொல்லலாம். இரண்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் மீன் வாங்கலாம். இதெல்லாம் வட்டி இல்லாமல், சம்பளப் பணத்திலேயே நடக்கும்.

கடைப் பட்டியலில் ஹீட்டரை வெட்டுங்கள். இந்த மீனுக்கு 24 முதல் 28 டிகிரி போதும், சென்னையில் அது தானாகவே இருக்கும். உங்கள் பிரச்சினை மே மாதம்தான். தண்ணீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், மீனுக்காக ஏ.சி. ஓடினால் இந்தப் பட்ஜெட் தாங்காது. கப்பிகளையும் வெட்டுங்கள். பஃபர் அவற்றின் வாலைக் கடித்துக் குதறிவிடும். தீவனப் பொட்டலமும் வீண், ஏனென்றால் பஃபர் உலர் தீவனத்தை அநேகமாகச் சீண்டாது. பிளாஸ்டிக் செடிக்குப் பதில் 500 ரூபாய்க்கு உயிர்ச்செடி அடர்த்தியாக வையுங்கள், ஒன்றையொன்று துரத்தும்போது ஒளிய இடம் வேண்டும். பொருத்தும் கூலி வேண்டாம், வண்டிச் செலவு 500 போதும். டெஸ்ட் கிட்டுக்கும் குளோரின் நீக்கிக்கும் 1,400 ரூபாய் ஒதுக்குங்கள். மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கிறது, அதை அப்படியே ஊற்றினால் நீங்கள் வளர்த்த பாக்டீரியாவும் சாகும்.

மணலுக்கு 800 என்று வைத்து, பஃபரையும் சேர்த்து, இதையெல்லாம் கூட்டினால் 12,000 வருகிறது. பெரிய மிச்சம் இல்லைதான், ஆனால் தேவையான இடத்துக்குப் பணம் போகிறது. தொட்டியும் ஸ்டாண்டும் பழையதாகப் பாதி விலைக்குக் கிடைத்தால் 9,250-ல் முடியும். வாங்குமுன் நிறையத் தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் கசிவு பாருங்கள். மாதக் கணக்கும் மேலே சொன்ன 3,500-க்குள் அடங்க, இந்தப் பழைய தொட்டிதான் உதவும். வாடகை வீடு என்பதால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்; நிரப்பிய 2 அடித் தொட்டி 60, 70 கிலோ வரும்.

மாதச் செலவுக்கு வருவோம். ஐந்து வாட் ஃபில்டர் இரவும் பகலும், பத்து வாட் லைட் தினம் 8 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு மொத்தமே 12 யூனிட். 60, 70 ரூபாய்தான். உங்கள் வீட்டு ரீடிங் ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி வந்தால் மட்டும் கவனம் தேவை, அதைத் தாண்டுகிற வீடுகளுக்குக் கட்டண விகிதமே மாறிவிடும். உறைய வைத்த பிளட் வார்ம் (மீன் தின்னும் சிவப்புப் புழு) 300 ரூபாய், குளோரின் நீக்கி 50 ரூபாய், பழுதுக்கும் மருந்துக்கும் தனியாக 150 ரூபாய். மாதம் 550-க்குள் வரும். நன்றாகக் கவனித்தால் இந்த மீன் 4, 5 வருடம் வாழும். ஐந்து வருடத்துக்கு 33,000 ரூபாய். மீனின் விலை 900 என்று நினைத்து இறங்காதீர்கள், தொட்டிச் செலவு போக இவ்வளவு ஆகும்.

தீவனச் செலவைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது: நத்தை. செடியோடு ஒட்டிக்கொண்டு வரும் குட்டி நத்தைகளைப் பெரும்பாலான கடைக்காரர்கள் தொல்லை என்று சும்மாவே கொடுத்துவிடுவார்கள். பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் டப்பில் போட்டு வெள்ளரித் தோல், கீரைத் தண்டு போட்டால் பெருகிக்கொண்டே இருக்கும். பஃபர் வேட்டையாடுவதை மகளோடு உட்கார்ந்து பாருங்கள். இரண்டு கண்ணையும் தனித்தனியாகச் சுழற்றும், நத்தை எதிரில் ஹெலிகாப்டர் மாதிரி நின்ற இடத்திலேயே மிதக்கும், உடம்பை வளைத்து ஒரு கோணம் பார்த்து, நத்தை தலை நீட்டும்போது ஒரே கடி. எந்தத் தீவனப் பொட்டலமும் அந்தச் சந்தோஷத்தைத் தராது.

கடையில் மீன் எடுக்கும்போது வயிற்றைப் பாருங்கள். நன்றாகத் தின்றும் வயிறு ஒட்டியிருந்தால் குடற்புழு என்று அர்த்தம். இந்த இனம் பெரும்பாலும் ஆற்றிலிருந்து பிடித்தே விற்பனைக்கு வருவதால் அது சகஜம். மருந்துக்கு என்று மாதம் 150 ஒதுக்கச் சொன்னது இதற்குத்தான். செம்பு கலந்த மருந்துகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இன்னொன்று, உடம்பெல்லாம் பச்சையும் கரும்புள்ளியுமாக இருக்கும் பஃபரை நன்னீர் மீன் என்று காட்டினால் வாங்காதீர்கள். அது 15 சென்டிமீட்டர் வரை வளரும், வளர வளர உப்புத்தண்ணீர் கேட்கும். பெரிய தொட்டி, கடல் உப்பு என்று செலவு வேறு திசையில் போகும். உங்களுடையது வளர்ந்தாலும் 3 சென்டிமீட்டர் அளவுதான்.

கடைசியாக, வருமானம். அந்த எண்ணத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பீ பஃபர் ஒரு தடவைக்குச் சில முட்டைகள்தான் இடும், பெரியவையே அவற்றைத் தின்றுவிடும். பொரிந்த குஞ்சுக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவு உயிர்த்தீனி தினம் வேண்டும். 150 ரூபாய்க்கு விற்கும் மீனுக்கு இந்த உழைப்பு கட்டாது. ஆனால் மகளும் நீங்களும் ஆசைக்காக முயன்றால் மிகவும் சந்தோஷப்படுவேன். கேரளத்தின் பம்பை ஆற்றில் கண்டெடுத்து 1941-ல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான மீன் இது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். பட்டியலில் அழிவை நோக்கிச் செல்லக்கூடிய இனமாகக் குறித்திருக்கிறார்கள். வளர்ப்பில் பொரித்த மீன் கிடைத்தால் பத்திருபது ரூபாய் கூட இருந்தாலும் அதையே வாங்குங்கள்.

வியாபாரமாகவே செய்ய நினைத்தால் கப்பி, மோலியில் தொடங்கலாம். கொல்லைப்புற அலங்கார மீன் வளர்ப்புக்கு பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் திட்டச் செலவில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்கள், பட்டியல் இனத்தவருக்கு 60 சதவீதமும் மானியம் வைத்திருந்தார்கள். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மிச்சத் தொகைக்குக் கடன் வாங்க வேண்டியிருக்கும் என்பதால், ஒரு வருடம் சொந்தத் தொட்டியை நடத்திப் பார்த்த பிறகு அதை யோசிக்கலாம்.

ஐந்தாவது மாதம் மீன் வந்ததும் 2,000 ரூபாய் ஆர்.டி.யைத் திரும்பத் தொடங்கிவிடுங்கள். மீதி 1,500-ல் மீனுக்கு 550 போக, 950-ஐ அவசரப் பணத்தில் சேருங்கள், அது மூன்று மாதச் செலவுக்குப் போதும் என்கிற அளவுக்கு வரும்வரை.