கரடி சொல்லக் கூடாத ஒரு வரி

ஒரு பொருளை விற்க நீங்கள் எழுதும் குழந்தைகள் விளம்பரப் படத்தில், கதை முடிந்ததும் கரடி திரைக்கு வெளியே பார்த்து, "அம்மாவிடம் இப்போதே கேள்!" என்று சொல்ல வேண்டும் என்கிறார் வாடிக்கையாளர், பார்ப்பவர்கள் ஆறு வயதுப் பிள்ளைகள், எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதாதீர்கள்.

உங்கள் உறுத்தலில் நியாயம் இருக்கிறது. நியாயமற்ற வணிக நடைமுறைகள் குறித்து ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் பிறப்பித்த சட்ட ஆணையில், எந்தச் சூழ்நிலையிலும் கூடாதவை என்று ஒரு பட்டியல் உண்டு. 'வாங்கு' என்றோ 'வாங்கித் தரச் சொல்' என்றோ விளம்பரத்தில் குழந்தையை நேரடியாகத் தூண்டுவதும் அதில் அடக்கம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 13 வயதுக்குட்பட்டோரைக் குறிவைக்கும் வணிக விளம்பரங்களுக்கே, சில விலக்குகள் நீங்கலாக, 1980 முதல் தடை.

ஏழெட்டு வயதுவரை பிள்ளைகள் விளம்பரத்தையும் நிகழ்ச்சியையும் பிரித்தறிந்தால்கூட, 'இது என்னை வாங்கவைக்கப் பேசுகிறது' என்பது பெரும்பாலும் அவர்களுக்குப் புரிவதில்லை. அதிலும் உங்கள் கரடி இரண்டு நிமிடத்துக்கு முன்புதான் தொலைந்த குட்டியைத் தேடி அழுதிருக்கிறது. குழந்தைக்கு அது தோழன். தோழன் சொன்னால் தட்ட முடியுமா? பிறகு நச்சரிப்பைத் தாங்குவதும், 'இல்லை' என்று சொல்லிப் பொல்லாதவள் ஆவதும் அம்மாதான்.

வாடிக்கையாளரிடம் அறம் பேசினால் கொட்டாவி விடுவார், பட்டிருக்கிறேன். மாற்று வரியோடு போங்கள். கரடி கதையோடு நிற்கட்டும். பொருளும் விலையும் பெற்றோருக்கான பக்கத்தில், 'விளம்பரம்' என்ற சொல்லோடு வரட்டும். மசியவில்லையா? அந்த வரிதான் வேண்டும் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். பலர் அந்த இடத்தில் பின்வாங்கிவிடுகிறார்கள்.