படைப்பு நிறுவனத்தின் அலுவலகத்தில் திரையிடல் அறை: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் விளம்பரப்பட நிறுவனத்தின் அலுவலகத்தைப் புதுப்பிக்கிறோம். வருபவர்களின் கண்ணில் உடனே படும்படி, நுழைவாயில் அருகில் கண்ணாடிச் சுவர் வைத்த திரையிடல் அறை அமைக்கலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கண்ணாடி வெளி வெளிச்சத்தை உள்ளே விடும். அறைக்குள் எழும் ஒலியையோ உறிஞ்சாமல் எதிரொலிக்கும். ஒரு படம் சரியாக வந்திருக்கிறதா என்று தீர்மானிக்கும் அறையில் இவ்விரண்டுமே கேடு. பகல் வெளிச்சம் தேவைப்படாத அறை இது என்பதால், கட்டடத்தின் சன்னலில்லாத நடுப்பகுதியை இதற்கு ஒதுக்கிவிட்டு, நாள் முழுவதும் அமர்ந்து வேலை செய்பவர்களுக்குச் சன்னலோரங்களைக் கொடுங்கள். வரைபடத்தில் முதலில் குறிக்க வேண்டிய இடம் இதுதான்.

கேள்வி: நான்கு சுவர்களிலும் ஃபோம் ஒட்டிய பிறகும், பக்கத்தில் படத்தொகுப்பு செய்பவர்களுக்கு எங்கள் அறையின் சத்தம் கேட்கிறது. இன்னும் தடிமனான ஃபோம் வாங்க வேண்டுமா?

பதில்: இந்தக் குழப்பத்தால் பலர் பணத்தை இழப்பதைக் காண வருத்தமாக இருக்கிறது. ஃபோம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும்; ஒலி வெளியேறுவதைத் தடுக்காது. 50 ஹெர்ட்ஸ் போன்ற ஆழ்ந்த தாழ்சுருதி ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். அத்தகைய ஒலிக்குச் சில சென்டிமீட்டர் ஃபோம் ஒரு பொருட்டே அன்று. ஒலியைத் தடுப்பவை எடை, காற்றுப்புகா அடைப்பு, சுவரைத் தாங்கும், ஒன்றையொன்று தொடாத இரட்டைச் சட்டகம் ஆகிய மூன்றுமே. தனித்தனிச் சட்டகங்களின் வெளிப்புறங்களில் இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகையும் இடைவெளியில் கனிமக் கம்பளியும் (கல் அல்லது கண்ணாடி இழைப் பஞ்சு) வைத்து, சுவரைப் பொய்க்கூரையோடு நிறுத்தாமல் மேல் கான்கிரீட் தளம் வரை எழுப்ப வேண்டும். கதவு கனமானதாகவும், நான்கு ஓரங்களிலும் ரப்பர் அடைப்பு கொண்டதாகவும் இருக்கட்டும். ஒரு அலுவலகத்தில் சுவருக்குச் செலவழித்ததெல்லாம் கதவின் அடியில் இருந்த விரலளவு இடைவெளியால் வீணானதை நானே பார்த்திருக்கிறேன். அறைக்குள் பிரகாசமான விளக்கை ஏற்றி, வெளியே இருட்டாக்கிப் பாருங்கள்; வெளிச்சம் கசியும் இடத்தில் ஒலியும் கசியும்.

கேள்வி: பழைய திரையரங்குகளைப் போலச் சுவருக்கு அடர்சிவப்பு நிறம் பூச விரும்புகிறோம். நிறத்திருத்தம், அதாவது படத்தின் நிறங்களைச் சீராக்கும் வேலை, பார்ப்பதும் இதே அறையில்தான்.

பதில்: நிறத்திருத்தம் பார்க்கும் அறை என்றால் சிவப்பைக் கைவிடுங்கள். திரையின் ஒளி சுவரில் பட்டுச் சிவப்பேறித் திரும்பித் திரைமேல் விழும். பளபளப்பற்ற நடுநிலைச் சாம்பலே பாதுகாப்பானது. திரையை ஒட்டிய சுவரும் கூரையும் கறுப்பாக இருக்கட்டும். திரையரங்கத் திரையில் வெண்மையின் அளவுகோல் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா (ஒளிச்செறிவின் அலகு) மட்டுமே. அவ்வளவு மெல்லிய வெளிச்சத்தில் வெள்ளைக் கூரையின் பிரதிபலிப்பே கறுப்பைச் சாம்பலாக்கிவிடும்.

கேள்வி: அறையின் நீளம் 6 மீட்டர். இரண்டு வரிசை இருக்கைகளுக்கு எவ்வளவு அகலத் திரை பொருந்தும்?

பதில்: ஒலிபெருக்கிகள் துளையிட்ட திரைக்குப் பின்னால் நிற்க அரை மீட்டர் விடுங்கள். கடைசி வரிசையைப் பின்சுவரோடு ஒட்டினால் தாழ்சுருதி ஒலி அங்கே குவிந்து மிகையாகக் கேட்கும்; ஆகவே பின்னால் ஒரு மீட்டராவது விடுங்கள். கடைசி இருக்கை திரையிலிருந்து 4.5 மீட்டரில் அமையும். அங்கிருந்து திரை 36 பாகைக் கோணத்தை நிரப்ப, சுமார் 2.9 மீட்டர் அகலம் வேண்டும். பின்வரிசையை மேடையில் உயர்த்துங்கள். முன்னால் இருப்பவரின் தலை திரையின் அடிப்பகுதியை மறைக்கக் கூடாது.

கேள்வி: ஏசி சத்தம் மெல்லிய உரையாடல்களை மறைக்கிறது.

பதில்: ஏசியின் காற்றுக் குழாயைப் பெரிதாக்கிக் காற்றை மெதுவாக அனுப்புங்கள், குழாயின் உட்புறத்தில் ஒலியுறிஞ்சும் உறையும் ஒன்றிரண்டு வளைவுகளும் இருக்கட்டும். அமர்ந்திருக்கும் ஒருவர் ஏறத்தாழ 100 வாட் வெப்பம் வெளியிடுகிறார் என்பதையும் ஏசியின் திறனைத் தீர்மானிக்கும்போது கணக்கில் சேருங்கள். புரொஜெக்டரை அறைக்கு வெளியே, தனிக் காற்றோட்டமுள்ள சிறு அறையில் வைத்தால் அதன் வெப்பமும் இரைச்சலும் ஒருசேர வெளியேறும்.

கேள்வி: மற்ற நேரங்களில் இதையே கூட்ட அறையாகப் பயன்படுத்தலாமா?

பதில்: தாராளமாகப் பயன்படுத்தலாம். விளக்குகளை இரண்டு தனி இணைப்புகளாகப் பிரித்து, திரைமேல் ஒளி படாத குறிப்பெழுதும் விளக்குகளைத் தனியே வையுங்கள். பளபளப்பான பெரிய மேசை மட்டும் வேண்டாம்; படம் ஓடும்போது அது ஒளியையும் ஒலியையும் பார்ப்பவர் முகத்திற்கே திருப்பி அனுப்பும்.