கட்டிலருகே ஒரு ஸ்கேன்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

சென்ற ஐப்பசியில் கோத்தகிரிக்கு அருகே தேயிலைத் தோட்டத்தில் என் அம்மாவைக் காட்டெருமை முட்டிவிட்டது. நாங்கள் கொண்டுபோன மருத்துவமனையில், அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டரே ஒரு சிறிய ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து, இரண்டு மூன்று நிமிடம் வயிற்றில் வைத்துப் பார்த்துவிட்டு, உடனே கோவைக்குக் கொண்டுபோகச் சொன்னார். மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் சேர்ந்திருந்ததாக அங்கே சொன்னார்கள். ஆபரேஷன் நடந்து அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால், சென்னையில் ஸ்கேன் மையத்தில் வேலை பார்க்கும் என் மாமா, "ஸ்கேன் அதற்கென்று படித்தவர்கள் எடுக்க வேண்டியது, அவசரப் பிரிவு டாக்டருக்கு அதில் என்ன தெரியும்?" என்று கேட்கிறார். ரிப்போர்ட் என்று ஒரு தாளும் எங்களுக்குத் தரவில்லை. நடந்தது முறைதானா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

அம்மா மீண்டு வந்தார் என்று படித்தபோது மனம் நிறைந்தது. நடந்தது முறைதான். ஆனால் உங்கள் மாமாவின் கேள்வியையும் தள்ளிவிட முடியாது. ரிப்போர்ட் பற்றிய உங்கள் குறையோ முழுவதும் நியாயமானது.

ரேடியாலஜி டாக்டர் வயிற்றின் ஒவ்வோர் உறுப்பையும் அளந்து, ஆராய்ந்து எழுதுகிறார். அந்த வேலையை அவசரப் பிரிவு டாக்டர் செய்யவில்லை. செய்ய முயலவும் கூடாது. அடிபட்டு வந்தவரிடம் அவர் தேடுவது ஒன்றே ஒன்றுதான்: இருக்கக்கூடாத இடத்தில் ரத்தம் இருக்கிறதா? அதற்காக நான்கு இடங்களைப் பார்க்கிறார். வலது விலாவின் கீழே கல்லீரலைச் சுற்றி, இடது விலாவின் கீழே மண்ணீரலைச் சுற்றி, அடிவயிற்றில் சிறுநீர்ப்பையை ஒட்டி, இதயத்தைச் சூழ்ந்த உறைக்குள். இதை 'ஃபாஸ்ட்' பரிசோதனை என்போம். கல்லீரலும் வலது சிறுநீரகமும் ஒட்டியிருக்கும் இடத்தில் திரையில் மெல்லிய வெண்கோடு ஒன்று தெரியும். மல்லாந்து படுத்திருப்பவருக்கு மேல்வயிற்றின் மிகத் தாழ்வான இடம் அதுவே என்பதால், இடது பக்கத்து மண்ணீரல் கிழிந்தாலும் ரத்தம் பெரும்பாலும் அங்கே வந்து தேங்கும். அப்போது அந்த வெண்கோட்டைப் பிளந்துகொண்டு ஒரு கறுப்புப் பட்டை தோன்றும். பழகிய கண்ணுக்கு அதைக் காண மூன்று நிமிடம் போதும்.

நம் மலையில் அந்தப் பட்டை தெரிந்தால் பயணமே மாறிவிடுகிறது. ஐப்பசி மழையில், மேட்டுப்பாளையம் இறங்கும் பாதையில் மரம் சாய்ந்தோ மண் சரிந்தோ கிடக்கலாம். பனிமூட்டத்தில் ஆம்புலன்ஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஊர்ந்துதான் போக வேண்டும். உடல் திடமானவர்களுக்கு ரத்தம் உள்ளே கசிந்துகொண்டிருக்கும்போதும் ரத்த அழுத்தம் வெகுநேரம் தாக்குப்பிடித்து நம்மை ஏமாற்றிவிடும். அந்த நேரத்தை எக்ஸ்ரேக்கும் ரத்தப் பரிசோதனை முடிவுக்கும் காத்திருந்து கழிக்காமல், கீழே உள்ள சர்ஜனுக்குப் போன் செய்து, ரத்தம் ஏற்பாடு செய்யச் சொல்லி, உடனே அனுப்பிவிடும் துணிவை அந்த ஸ்கேன் தருகிறது.

இதை இளம் டாக்டர்களுக்குச் சில ஆண்டுகளாகக் கற்றுக்கொடுத்து வருகிறேன். ஜெல் பாட்டிலை முதலில் வெந்நீரில் வைக்கச் சொல்வேன். மார்கழி இரவில் குளிர்ந்த ஜெல் பட்டதும் நோயாளி வயிற்றை இறுக்கிக்கொண்டால் படம் கிடைக்காது. ஸ்கேன் மெஷினில் உடல்மேல் வைத்துப் பார்க்கும் கைக்கருவியான புரோபைப் பேனாவைப் போலப் பிடித்து, சுண்டுவிரலை விலாவின்மேல் ஊன்றிக்கொள்ள வேண்டும். விலா எலும்பின் நிழலும் திரையில் கறுப்பாகத்தான் விழும். அதை ரத்தம் என்று பதறாதவர் என் மாணவரில் அநேகமாக எவருமில்லை. கை பழகச் சில வாரங்கள் போதும்.

கறுப்பு தெரியாதபோது என்ன செய்வது என்பதே கடினமான பாடம். முன்பு ஒரு மருத்துவமனையில், பைக்கிலிருந்து விழுந்து வந்த இளைஞருக்கு என் மாணவர் ஸ்கேன் பார்த்தார். ரத்தம் இல்லை என்றதும் எல்லோரும் ஆறுதலடைந்தோம். விடிவதற்குள் வயிறு பலகைபோல் இறுகிவிட்டது. குடலில் ஓட்டை விழுந்திருந்தது. சுமார் 200 மில்லிக்குக் குறைவான ரத்தம் ஃபாஸ்டில் பெரும்பாலும் தப்பிவிடும். குடல் காயமோ, வயிற்றின் பின்புறக் கசிவோ அதில் தெரிவதில்லை. இவற்றை நான் அந்த மாணவருக்குச் சொல்லாமல் விட்டிருந்தேன். அந்தத் தவறு என்னுடையது. இப்போதெல்லாம், 'இல்லை' என்ற விடை கிடைத்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு, வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்து, மறுபடி ஸ்கேன் பார்க்க வேண்டும் என்பதிலிருந்தே பாடத்தைத் தொடங்குகிறேன். மாமாவின் ஐயத்துக்கு என்னிடமுள்ள பதிலும் இதுதான்.

எத்தனை மணிக்கு, எந்த நான்கு இடங்களில், என்ன தெரிந்தது என்று கோவைக்கு எழுதிய கடிதத்திலேயே இரண்டு வரி இருந்திருக்க வேண்டும். மெஷினைப் பொறுத்தவரை, கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சட்டம் வந்த காரணத்தை நாம் மறக்கக்கூடாது. அதற்குக் கட்டுப்பட்டே இந்தப் பயிற்சியும் நடக்க வேண்டும்.

2009-இல் அவசர மருத்துவம் நம் நாட்டில் தனி மேற்படிப்பாக அங்கீகரிக்கப்பட்டது. ஆனால் மலையில் இரவு டியூட்டி பார்ப்பவர்கள் பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். முடித்த இளைஞர்கள். உதகையில் 2022-இல் மருத்துவக் கல்லூரி தொடங்கியிருக்கும் நிலையில், அவர்களுக்கான பயிற்சி இனி மலையிலேயே நடக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இங்கிருந்து கீழே அனுப்பிய நோயாளிக்கு என்ன ஆயிற்று என்பது அனுப்பிய டாக்டருக்குப் பெரும்பாலும் தெரிவதே இல்லை. திரையில் கண்டதும் ஆபரேஷனில் கண்டதும் ஒத்துப்போயினவா என்று அறியாமல் கண் தேறாது. கோவையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியை ஒரு நகல் எடுத்து, அந்த இளம் டாக்டரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். முடிந்தால் அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள்.

அன்புடன்.