காட்டுப்பன்றி வேட்டைக்கு 384 தெர்மல் ஸ்கோப் போதுமா, 640 தான் வேண்டுமா?

டெக்சஸில் பயிரைக் கிளறிப் போடும் காட்டுப்பன்றிகளை இரவில் சுடத்தான் கேட்கிறீர்கள் என்றால் 384 போதும். மிச்சப் பணத்தை லென்ஸில் போடுங்கள். தெர்மல் ஸ்கோப் என்பது உடல் வெப்பத்தைப் படமாகக் காட்டும் துப்பாக்கிக் குறிநோக்கி; 384, 640 என்பவை அதன் சென்சாரில் குறுக்காக இருக்கும் பிக்சல்களின் எண்ணிக்கை.

640 என்றாலே படம் கூர்மையாக இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். பிக்சல் அகலம் 12 மைக்ரான், லென்ஸின் குவியத் தொலைவு 50 மி.மீ. என்றால், 200 மீட்டரில் ஒரு பிக்சல் பிடிப்பது ஏறக்குறைய 5 செ.மீ.; இரண்டிலும் அதேதான். 640இல் கூடுதலாகக் கிடைப்பது அகலமான பார்வை. ஓடும் கூட்டத்தைச் சுடுபவருக்கு அது பெரிய உதவி. தீனி போட்டு ஒரே இடத்தில் காத்திருப்பவருக்கு அவ்வளவு தேவையில்லை. லென்ஸ் 35 மி.மீ. ஆனால் அதே பிக்சல் 7 செ.மீ. ஆகிவிடும், காதும் மூக்கும் கரைந்து வெள்ளைத் திட்டுதான் தெரியும்.

அப்புறம், விளம்பரத்தில் போடும் 1,800 மீட்டர் என்பது ஏதோ சூடாக நிற்கிறது என்று தெரியும் தூரம். பன்றியா, பக்கத்துப் பண்ணைக் கன்றுக்குட்டியா என்று பிரித்தறியும் தூரம் அதில் சிறு பங்குதான். உறுதியாகத் தெரியாமல் விசையைத் தொடவே கூடாது.

ஈரப்பதம் மிகுந்த இரவுகளில் படம் மங்கும். என்இடிடி எண் (சென்சார் பிரித்தறியும் மிகச் சிறிய வெப்ப வேறுபாடு) குறைவான சென்சார் அங்கே கைகொடுக்கும். சுற்றிலும் தேடிப் பார்க்கத் துப்பாக்கியையே திருப்பாதீர்கள், அதற்குத் தனியாக ஒரு கைத் தெர்மல் கருவி வைத்துக்கொள்ளுங்கள்.