6 மாச கர்ப்பத்துல கிட்னி கல்லு: கால்சியம் மாத்திரைய நிறுத்தணுமா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூர்லேருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. 6 மாசம், வலது பக்க முதுகுலேருந்து அடிவயிறு வரைக்கும் சுருட்டி சுருட்டி வலி, ஸ்கேன்ல சிறுநீர்க்குழாய்ல 5 எம்எம் கல்லு, கிட்னியில லேசா வீக்கம்னு வந்திருக்கு. கால்சியம் மாத்திரைதான் கல்லாகுது, நிறுத்துன்னு மாமியார் சொல்றாங்க, பக்கத்து வீட்ல ஒரு வலி மாத்திரை குடுத்திருக்காங்க, குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்காம்.

முதல்ல அந்த வலி மாத்திரைய எடுத்து ஓரமா வைங்கம்மா. மெடிக்கல்ல கேட்ட உடனே குடுக்குற டைக்ளோபினாக், ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரையெல்லாம் 20 வாரத்துக்கு மேல போட்டா குழந்தையோட கிட்னிய பாதிச்சு பனிக்குட நீர் குறையலாம், கடைசி மாசங்கள்ல இதயத்துக்கு பக்கத்துல இருக்குற ஒரு ரத்தக்குழாயும் சுருங்கிடலாம். டாக்டர் சொன்ன அளவுல பாராசிட்டமால் போட்டுட்டு இடது பக்கமா ஒருக்களிச்சு படுங்க. அதுக்கும் அடங்கலன்னா வீட்லயே பல்ல கடிச்சுக்கிட்டு கிடக்காதீங்க, ஆஸ்பத்திரில கர்ப்பிணிக்கு குடுக்கக்கூடிய ஊசி இருக்கு.

வீக்கம்னு எழுதியிருக்குறத பாத்து ரொம்ப பதற வேணாம், கர்ப்பப்பை பெருசாகி குழாய அமுக்குறதாலயும் ஹார்மோன்ல குழாய் தளர்றதாலயும் கல்லே இல்லாத நிறைய கர்ப்பிணிகளுக்கும் கிட்னி லேசா வீங்கும், அதுவும் வலது பக்கம்தான் அதிகம். உங்களுக்கு கல்லு நிஜமாவே பாதைய அடைக்குதான்னு டாப்ளர் ஸ்கேன்ல குழாய்லேருந்து மூத்திரப்பைக்குள்ள யூரின் பீச்சி வர்றத வச்சு பாப்பாங்க. அந்த ஸ்கேன்ல கதிர்வீச்சு கிடையாது, குழந்தைக்கு பயமில்ல.

மாமியார் உங்க மேல உள்ள அக்கறையிலதான் சொல்றாங்க, ஆனா கால்சியத்த நிறுத்தாதீங்க. சாப்பாட்டோட போடுற கால்சியம், சாப்பாட்டுல இருக்குற ஆக்சலேட்ங்கற கல்லு உண்டாக்குற பொருள குடல்லயே புடிச்சு மலத்தோட வெளியேத்திடும், கால்சியத்த குறைச்சா அந்த ஆக்சலேட் ரத்தத்துல ஏறி கிட்னிக்குத்தான் போகும். வெறும் வயித்துல போடாம சாப்பாட்டோட போடுங்க, இரும்பு மாத்திரைய அதுகூட சேக்காம வேற வேளைக்கு வைங்க. குறைக்க வேண்டியது உப்பு. நம்ம ஊர்ல கருவாடு, ஊறுகாய், அப்பளம் இல்லாம சோறு இறங்காது, தெரியும், இந்த சில மாசம் மட்டும் தள்ளி வைங்க. யூரின் வெளிர் நிறத்துல போற அளவுக்கு தண்ணி குடிங்க, சித்திரை வெயில்ல இன்னும் கூடவே குடிக்கணும். வாழைத்தண்டு பொரியலா சாப்பிடலாம், ஆனா கல்ல கரைக்கும்னு நம்பி உக்காந்திருக்காதீங்க. நெருஞ்சி, சிறுபீளை கஷாயம் கர்ப்பத்துல நீங்களா போட்டு குடிக்கவே வேணாம்.

கர்ப்பத்துல வர்ற கல்லுல பெரும்பாலானது தானாவே வெளிய வந்துடும், 5 எம்எம்முக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. பழைய டீ வடிகட்டி ஒண்ண பாத்ரூம்ல வச்சு அதுல வடிச்சு பாருங்க, கடுகு மாதிரி ஏதாவது மாட்டுனா பத்திரமா எடுத்துட்டு போய் டாக்டர்கிட்ட குடுங்க, என்ன கல்லுன்னு டெஸ்ட் பண்ணலாம்.

உண்மையிலேயே பயப்பட வேண்டியது குளிர் ஜுரத்துக்குத்தான். கல்லு அடைச்ச இடத்துக்கு பின்னாடி கிருமி சேந்தா சில மணி நேரத்துலயே தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து, காலைல பாத்துக்கலாம்னு இருக்கக்கூடாது. ஜுரம், நிக்காத வாந்தி, யூரின் வராம போறது, வயிறு விட்டு விட்டு இறுகுறது, தண்ணியோ ரத்தமோ போறது, குழந்தை அசைவு குறையறது, இதுல எது வந்தாலும் ராத்திரி 2 மணியா இருந்தாலும் 108க்கு போன் பண்ணி கடலூர் ஜிஎச்சுக்கு போயிடுங்க, தேவைப்பட்டா அங்கேருந்து புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க, அங்க மூத்திரப்பாதை பிரச்சனைய பாக்குற யூரோ டாக்டரும் பிரசவ டாக்டரும் சேந்தே இருக்காங்க.

அங்க தேவைன்னா கிட்னிலேருந்து மூத்திரப்பை வரைக்கும் ஸ்டென்ட்னு ஒரு மெல்லிய டியூப் வைப்பாங்க, இல்லன்னா சின்ன கேமரா விட்டு லேசர்ல கல்ல உடைப்பாங்க, ரெண்டும் கர்ப்பத்துல பண்றதுதான். வெளியேருந்து அதிர்வலை குடுத்து உடைக்கிறது மட்டும் கர்ப்பத்துல கூடாது. கர்ப்பத்துல ஸ்டென்ட் மேல சீக்கிரமே உப்பு படியும், அதனால 4லேருந்து 6 வாரத்துக்கு ஒருக்கா மாத்த சொல்வாங்க, தட்டிக்கழிக்காதீங்க. குழந்தை பொறந்த சந்தோஷத்துல உள்ள டியூப் இருக்குறதையே மறந்துட்டு வருஷம் கழிச்சு கிட்னி கெட்டு வர்றவங்களும் இருக்காங்க, அதனால வச்ச தேதியையும் எடுக்க வேண்டிய தேதியையும் உங்க செக்கப் நோட்டு முதல் பக்கத்துலயே எழுதி வச்சு வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிடுங்க.