“நீங்களே வச்சுக்கோங்க” என்று எழுதிய அந்த இரவு

கேள்வி: சென்னையில் கல்லூரி நாளிலிருந்தே நண்பர்களாக இருந்த நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரு ராக் இசைக்குழுவை எட்டு ஆண்டுகள் நடத்தினோம். நான் கிதார் வாசிப்பவன். மெட்டுகளில் பெரும்பாலானவை என்னுடையவை, பாடல் வரிகள் பாடகருடையவை. ஒரு கச்சேரி முடிந்த இரவில் மேடைக்குப் பின்னால் நடந்த சண்டையில் மனம் உடைந்து, குழுவிலிருந்து வெளியேறினேன். மற்ற மூவரும் அதே பெயரில் தொடர்ந்து இயங்குகிறார்கள். யூடியூப் விவரக் குறிப்பிலிருந்து என் பெயரை நீக்கிவிட்டார்கள். குழுவின் பெயரைப் பாடகர் தனக்கே வணிகக் குறியாகப் பதிவு செய்ய விண்ணப்பித்திருக்கிறார். இப்போது ஓர் இணையத் தொடர் நிறுவனம் எங்கள் பழைய பாடல் ஒன்றைக் கேட்டிருக்கிறது. பாடகர்மீது காவல் துறையில் புகார் கொடுக்கலாமா? எல்லாப் பாடல்களையும் இணையத்திலிருந்து நீக்க வைக்கலாமா? பெரும்பாலான மெட்டுகள் என்னுடையவை என்பதால் மொத்த வருமானத்தில் பாதியைக் கேட்க முடியுமா?

பதில்: நீங்கள் அனுப்பிய ஒன்பது பக்கக் கடிதத்தை இருமுறை படித்தேன். பாடகரின் திருமணத்துக்கு நீங்கள் வட்டிக்குக் கடன் வாங்கிச் செய்ததும், அவர் நன்றி மறந்ததும், டிரம்மர் கட்சி மாறியதும் உங்களை எவ்வளவு வருத்தியிருக்கும் என்று புரிகிறது. ஆனால் இவற்றில் ஒன்றுகூட நீதிமன்றத்தில் உங்களுக்கு உதவாது. உதவவும் கெடுக்கவும் போவது ஏழாம் பக்கத்தில் போகிற போக்கில் நீங்கள் சொல்லிச் சென்ற ஒரே ஒரு செய்திதான். சண்டை நடந்த இரவு, நால்வரும் இருந்த வாட்ஸ்அப் குழுவில், “இனி நான் இல்லை. பேண்டு, பாட்டு எல்லாம் நீங்களே வச்சுக்கோங்க” என்று எழுதிவிட்டு வெளியேறியதாகச் சொல்கிறீர்கள். அதற்கு இரண்டு ஆண்டு ஐந்து மாதம் ஆகிறது. உங்கள் வழக்கு முழுவதும் அந்தச் செய்தியிலும் அதன் தேதியிலும்தான் நிற்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். கச்சேரிப் பணத்தில் வேன் வாடகை, ஒலிப்பொறியாளர் கூலி, ஒத்திகை அறை வாடகை எல்லாம் போக மிஞ்சியதை நால்வரும் பிரித்துக்கொண்டீர்கள். அடுத்த பாடல் பதிவுக்கென்று ஒரு தொகையைப் பொதுவில் சேர்த்தும் வைத்தீர்கள். ஒப்பந்தப் பத்திரம் எழுதாவிட்டாலும், பதிவு செய்யாவிட்டாலும், 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் நால்வரும் கூட்டாளிகள் என்று வாதிட இது போதும். காலம் குறிக்காத கூட்டாண்மையை எந்தக் கூட்டாளியும் மற்ற எல்லாருக்கும் எழுத்தில் அறிவித்து முடித்துக்கொள்ளலாம் என்று அதே சட்டத்தின் 43ஆம் பிரிவு சொல்கிறது. எழுத்தில் அறிவித்து அவர் மட்டும் விலகிக்கொள்ளலாம் என்று 32ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் பாடகருக்கு மட்டும் தனியாக எழுதியிருந்தால் அது கோபத்தில் வந்த பேச்சு என்று நான் வாதிட்டிருப்பேன். நால்வரும் இருந்த குழுவில் எழுதியதால், எல்லாக் கூட்டாளிகளுக்கும் எழுத்தில் தந்த அறிவிப்பு அது என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் நாளே சொல்வார்.

அந்தச் செய்தியால் கூட்டாண்மை கலைந்தது என்பது உங்கள் வாதமாக இருக்கும். நீங்கள் மட்டும் விலகினீர்கள், கூட்டாண்மை தொடர்கிறது என்பது அவர்கள் வாதமாக இருக்கும். கலைந்தது என்றால் குழுவின் பெயரும் அதற்குள்ள மதிப்பும் பொதுச் சொத்து. கணக்குத் தீரும்வரை அந்தப் பெயரில் தொழில் நடத்தக் கூடாது என்று 53ஆம் பிரிவின்படி தடை கேட்கலாம். விலகல் என்றால் அந்தப் பெயரை நீங்கள் பயன்படுத்த முடியாது. ஆனால் உங்கள் பங்கைத் தீர்க்காமலே அவர்கள் தொடர்ந்து நடத்தியதற்காக, அந்தப் பங்கால் கிடைத்த லாபத்தையோ பங்கின்மீது ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ 37ஆம் பிரிவின்படி கேட்கலாம். எது சரி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் இரண்டில் எதுவானாலும் கணக்குக் கேட்கும் வழக்கை மூன்று ஆண்டுக்குள் போட்டாக வேண்டும். பதிவு செய்யாத கூட்டாண்மை என்பதால் பல வழக்குகளுக்கு 69ஆம் பிரிவு குறுக்கே நிற்கும் என்றாலும், கலைந்த கூட்டாண்மையின் கணக்கைக் கேட்பதற்கு அதே பிரிவு விலக்குத் தருகிறது. ஆகவே கதவு இன்னும் திறந்தே இருக்கிறது. ஏழு மாதத்தில் மூடிவிடும்.

உங்களுக்கு ஓர் ஆறுதலும் உண்டு. “பாட்டு எல்லாம் நீங்களே வச்சுக்கோங்க” என்று எழுதியதால் மெட்டுகளின் பதிப்புரிமை போய்விடவில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றம் என்பது எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, என்ன தொகை என்று குறித்துக் கையெழுத்திட்ட ஆவணமாக இருக்க வேண்டும். உரிமையை அடியோடு விட்டுக்கொடுப்பதற்கும் 21ஆம் பிரிவில் தனி முறை இருக்கிறது. பதிப்புரிமைப் பதிவாளருக்கு உரிய படிவத்தில் அறிவிக்க வேண்டும், இல்லையென்றால் பொது அறிவிப்புத் தர வேண்டும். நள்ளிரவு வாட்ஸ்அப் செய்தி இரண்டிலும் சேராது என்றே நான் கருதுகிறேன்.

பாதி வருமானம் கேட்கலாமா என்ற கேள்விக்கு நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: முடியாது. வேறு உடன்பாடு இல்லாதபோது கூட்டாளிகளுக்கு லாபத்தில் சமபங்கு என்பது கூட்டாண்மைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. நால்வர் என்றால் கால் பங்கு. யார் அதிகம் உழைத்தார், யாருடைய திறமையால் கூட்டம் வந்தது என்பது இங்கே கணக்கில் வராது. மான்செஸ்டரைச் சேர்ந்த ‘தி ஸ்மித்ஸ்’ குழு 1987இல் உடைந்த பிறகு நடந்த வழக்கை இதற்காக நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பாடகர் மாரிசியும் கிதார் கலைஞர் ஜானி மாரும்தான் பாடல்களை எழுதிய இணை. பதிவு, மேடை வருமானத்தில் ஆளுக்கு 40 சதவீதத்தை அவர்கள் எடுத்துக்கொண்டு, பேஸ் வாசித்த ஆண்டி ரூர்க்குக்கும் டிரம்மர் மைக் ஜாய்ஸுக்கும் ஆளுக்கு 10 சதவீதம் தந்தார்கள். அப்படி ஓர் உடன்பாட்டுக்குத் தான் ஒருபோதும் சம்மதித்ததில்லை என்று ஜாய்ஸ் வழக்குத் தொடர்ந்தார். 1996இல் லண்டன் உயர் நீதிமன்றம், அங்குள்ள 1890ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின்படி அவருக்குக் கால் பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. 1998இல் மாரிசியின் மேல்முறையீடும் தள்ளுபடியானது. நம் 13ஆம் பிரிவும் அந்தச் சட்டத்தின் வழிவந்ததுதான். ஆனால் பாடல் எழுதியதற்கான வருமானம் அந்த வழக்கில் வரவே இல்லை. அது மாரிசியிடமும் மாரிடமுமே இருந்தது. உங்கள் நிலையும் இதுதான். கச்சேரி, ஒலிப்பதிவு ஆகியவற்றின் வருமானத்தில் உங்களுக்குக் கால் பங்கு. மெட்டுக்கான உரிமை, நீங்கள் அமைத்த மெட்டுகளுக்கு மட்டும், தனியாக உங்களுக்கு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து ‘பாதி’ என்று கேட்டால், கேட்பவருக்கே தன் உரிமை எது என்று தெரியவில்லை என்று நீதிபதி நினைப்பார்.

இனி நான் அதிகம் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். இத்தகைய வழக்குகளில் என் கட்சிக்காரர்கள் தோற்றது பெரும்பாலும் சட்டத்தால் அல்ல. நட்பால் காத்திருந்து தோற்றார்கள். கீபோர்டு வாசிக்கும் ஒருவர், மூன்று ஆண்டுக் கெடு கடந்து மூன்று மாதமான பிறகு என்னிடம் வந்தார். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டேன். கைப்பேசியைத் திறந்து காட்டினார்: ஆறு மாதத்துக்கு ஒரு முறை இவர் கணக்குக் கேட்டிருக்கிறார்; “பார்த்துக்கலாம் மச்சி” என்று ஒவ்வொரு முறையும் பதில் வந்திருக்கிறது, கடைசி இரண்டு முறை வெறும் கட்டைவிரல் சின்னம். பேச்சுவார்த்தை நடந்தது உண்மை. ஆனால் பேச்சுவார்த்தை கால வரம்பை நிறுத்தாது. வழக்கறிஞர் நோட்டீஸும் நிறுத்தாது. எதிர்த்தரப்பு தன் கடப்பாட்டை ஒப்புக்கொண்டு, கெடு முடிவதற்கு முன்பே, கையெழுத்திட்டு எழுதித் தந்தால் புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். “பார்த்துக்கலாம்” என்பது கடப்பாட்டை ஒப்புக்கொள்வது ஆகாது. அவர் தன் பங்கில் ஒரு ரூபாயும் பெறவில்லை.

அடுத்தது சாட்சியம். மெட்டு உங்களுடையது என்பதை எதைக் கொண்டு நிரூபிப்பீர்கள்? இசை அமைப்பவர் அதைச் சுரக்குறிப்பாக எழுதியிருக்கத் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. ஆனால் அமைத்தது இவர்தான் என்பதற்கு ஏதாவது ஒரு தடயம் வேண்டும். உங்கள் தலைமுறை இசைக்கலைஞர்களிடம் அது கைப்பேசியின் குரல் பதிவுகளில்தான் இருக்கிறது: மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே, வார்த்தை இல்லாமல் முணுமுணுத்து, இரவு இரண்டு மணிக்குப் பதிவு செய்த நாற்பது விநாடித் துண்டுகள். தீபாவளிச் சலுகையில் பழைய கைப்பேசியைக் கொடுத்துப் புதியது வாங்கிய இன்னொரு கட்சிக்காரர், அதோடு இப்படிப்பட்ட இருபதுக்கும் மேற்பட்ட பதிவுகளையும் கொடுத்துவிட்டு வந்தார். உங்கள் கைப்பேசியையும் மடிக்கணினியையும் விற்காதீர்கள், அழிக்காதீர்கள், பழுதுபார்க்கக்கூட யாரிடமும் தராதீர்கள். 2023ஆம் ஆண்டு பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் தர வேண்டும். மூலக் கருவி கையில் இருந்தால் அந்த வேலை எளிது.

காவல் துறைப் புகார் வேண்டாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவுக் குற்றத்துக்கு மூன்று ஆண்டுவரை சிறை உண்டு என்பதும், அது ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியதும் உண்மைதான்; அதை எங்கோ படித்துவிட்டு நீங்கள் எழுதியிருப்பதும் தெரிகிறது. நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், புகார் மனுவுக்கு ரசீது தருவார்கள், இரு தரப்பையும் ஒரு மாலை அழைத்து உட்கார வைப்பார்கள், “சிநேகிதங்களுக்குள்ள எதுக்குப்பா” என்று பேசுவார்கள், இரவு ஒன்பது மணிக்கு ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்வார்கள். வீட்டுக்குப் போனால் போதும் என்ற அலுப்பில், “இனி மேற்படி பாடல்கள் சம்பந்தமாக எவ்விதப் பிரச்சினையும் செய்ய மாட்டேன்” என்று கையெழுத்திட்ட ஓர் இளைஞரின் தாள் இன்றும் என் கோப்பில் இருக்கிறது. அது முறையான உரிமை மாற்றம் அல்ல என்று நான் வாதிட்டேன், வாதத்தை ஏற்கவும் செய்தார்கள். ஆனால் அந்த ஒரு தாளை விலக்குவதற்கே பதினான்கு மாதம் போயிற்று.

பாடல்களை நீக்க வைப்பதும் இதே ரகம். ஒலிப்பதிவு பெரும்பாலும் கூட்டாண்மையின் சொத்து. அதில் உங்களுக்கும் பங்கு உண்டு. யூடியூபில் நீங்கள் புகார் கொடுத்து, அவர்கள் எதிர்ப்பு மனு கொடுத்தால், பத்து வேலை நாளுக்குள் நீங்கள் வழக்குத் தொடர்ந்ததைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் காணொளி திரும்ப வந்துவிடும். அதற்குள் இணையத் தொடர் நிறுவனம் தகராறைக் கேள்விப்பட்டு வேறு பாடலைத் தேடிப் போயிருக்கும்.

வணிகக் குறி விண்ணப்பத்தில் நீங்கள் செய்ய வேண்டியது சிறிது, ஆனால் தவறக் கூடாதது. விண்ணப்ப எண்ணை வைத்து நிலையைப் பாருங்கள். வணிகக் குறி இதழில் வெளியான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். அந்தக் கெடுவை யாரும் நீட்டித்துத் தர முடியாது. குழுவாகச் சம்பாதித்த பெயரை ஒரு உறுப்பினர் தனக்கே பதிவு செய்வது தீய நோக்கம் என்பதே ஆட்சேபத்தின் சாரமாக இருக்க வேண்டும்; அதில் திருமணக் கடன் கதை வேண்டாம்.

என் ஆலோசனை சமரசம் செய்துகொள்ளுங்கள் என்பதே. சோர்ந்துபோய்ச் சொல்லவில்லை, இப்போது உங்கள் கை ஓங்கியிருப்பதால் சொல்கிறேன். மெட்டு அமைத்தவரின் கையெழுத்து இல்லாமல் அந்தப் பாடலை வாங்க, விவரம் தெரிந்த எந்த நிறுவனத்தின் வழக்கறிஞரும் சம்மதிக்க மாட்டார். உங்கள் ஒப்புதல் அவர்களுக்குத் தேவை. அந்தத் தேவை ஒப்பந்தம் நிலுவையில் இருக்கும்வரைதான். ஆனால் சமரசம் என்றால் கைச்செலவுக்குக் காசில்லாத நாளில், கொடுத்ததை வாங்கிக்கொண்டு கையெழுத்திடுவது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘ஸ்மித்ஸ்’ வழக்கிலேயே ரூர்க் வழக்கை நடத்த வசதியில்லாமல் 1989இல் 83,000 பவுண்டும் அதே 10 சதவீதமும் பெற்றுக்கொண்டு ஒதுங்கினார். கடைசிவரை நின்ற ஜாய்ஸுக்குப் பழைய பாக்கி மட்டும் ஏறக்குறைய 10 லட்சம் பவுண்டு வந்தது. ரூர்க்கின் தவறு சமரசம் செய்தது அல்ல என்பேன். தன் பங்கு 10 சதவீதமா 25 சதவீதமா என்று தீராமலே செய்ததுதான். எனவே எட்டு ஆண்டு வங்கி வரவுகள், கச்சேரித் தொகைகள், பாடல் விநியோக நிறுவனத்தின் அறிக்கைகள் ஆகியவற்றை முதலில் கேளுங்கள். தர மறுத்தால் அதையே எழுத்தில் பதிவு செய்யுங்கள்.

கேட்க வேண்டியதில் பெயரை விட்டுவிடுங்கள். மூவர் மேடையேறிக்கொண்டிருக்கும் பெயரை நீங்கள் வென்றாலும் தனியாக என்ன செய்வீர்கள்? அதன் மதிப்பில் உங்கள் கால் பங்குக்கு ஒரு தொகை வாங்கிக்கொள்ளுங்கள். மாறாக, மெட்டுகளில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு பாடலையும் பெயர் சொல்லி, மெட்டில் யாருக்கு எத்தனை பங்கு என்று நால்வரும் கையெழுத்திட வேண்டும். டிரம்மரோ பேஸ் வாசித்தவரோ உண்மையிலேயே மெட்டில் கை வைத்த பாடல் எதுவானாலும் அதை ஒப்புக்கொள்ளுங்கள், அப்போதுதான் மற்றவற்றில் உங்கள் சொல் நிற்கும். யூடியூப் விவரத்தில் உங்கள் பெயர் திரும்ப வர வேண்டும். இசையமைத்தவர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி உங்களை விட்டு எப்போதும் போகாது. ஏதாவது ஓர் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுப்பதாக இருந்தால் எத்தனை ஆண்டு, எந்த நாடு என்று குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், அதிலிருந்து அடுத்த வழக்கு முளைக்கும்.

இதைத் தேநீர்க் கடையில் வைத்துப் பேசாதீர்கள். வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12ஏ பிரிவின்படி, வழக்குக்கு முந்தைய சமரசத்துக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள். உங்கள் கோரிக்கை 3 லட்சம் ரூபாயைத் தாண்டும் என்பதால் அவசரத் தடை கேட்காத வழக்குக்கு அது எப்படியும் கட்டாயம். அங்கே செலவாகும் நாட்கள் கால வரம்பில் சேராது. அங்கே எட்டும் உடன்பாட்டுக்கு நடுவர் தீர்ப்பின் வலு உண்டு. நண்பர் வீட்டில் எழுதும் ஒப்பந்தத்துக்கு இவ்விரண்டும் கிடையாது.

வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது ஒன்பது பக்கக் கடிதத்தை வீட்டில் வைத்துவிட்டு, அந்த வாட்ஸ்அப் செய்தி இருக்கும் கைப்பேசியை எடுத்துச் செல்லுங்கள். இந்த மாதத்துக்குள் செல்லுங்கள்.